மூட்டம் போட்ட திராட்சை

திருவள்ளூர் கடைத்தெருவில் பச்சையப்பன் பழமண்டி என்றால் முதலாளி முகத்துக்கு முன்னால் அசன் முகைதீன் முகம்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். மண்டியில் பழம் பழுக்கவைக்கிற வேலை அவருடையது. பச்சையாக வந்து இறங்குகிற வாழைத்தாரை என்றைக்கு, எத்தனை மணிக்கு மஞ்சளாக வெளியே எடுக்கலாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டுதான் பச்சையப்பனே வியாபாரிகளுக்கு வாக்குக் கொடுப்பார். அமாவாசைக்கு வீரராகவர் கோயிலுக்கு வருகிற கூட்டம், ஆடி மாதம் பெரியபாளையத்துக்குப் போகிற கூட்டம், இதற்கெல்லாம் பழம் ஒரு நாள் முந்தினாலும் நஷ்டம், ஒரு நாள் பிந்தினாலும் நஷ்டம். முப்பது வருஷத்தில் அவர் கணக்கு தப்பியது என்று யாரும் சொன்னது கிடையாது.

பழவேற்காட்டில் பிறந்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. தகப்பனார் மௌத்தாகி அடக்கமான பிறகு பதினாறு வயதில் இங்கே தார் தூக்க வந்தார். தூக்கித் தூக்கியே மூட்டம் போடக் கற்றுக்கொண்டார். மூட்டம் என்பது ஒன்றுமில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறை. தார்களை அடுக்கி, நடுவில் ஒரு சட்டியில் வைக்கோலைக் கொளுத்திப் புகையவிட்டு, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் களிமண் பூசிவிடுவது. எத்தனை நேரம் என்பதில்தான் வித்தை இருக்கிறது. அசன் முகைதீன் கதவு ஓரமாக மூக்கை வைத்து இழுத்துப் பார்த்து, "இன்னும் நாலு மணி நேரம் ஆவும்" என்பார். நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால் பழம் பொன்மாதிரி இருக்கும்.

அதனால் தலைக்கனம். ஆளும் முரடு, பேச்சும் முரடு. மண்டியில் எடை போடுகிற அரசப்பன் ஒரு நாள், "பாய், எங்க மாமியார் மனசு காயா இருக்குது, ஒரு மூட்டம் போட்டுக் குடேன்" என்று கேட்டான். "கொண்டாந்து உடு, ரெண்டு நாள்ல சிரிக்க வெச்சி அனுப்பறேன்" என்றார். மண்டியே சிரித்தது. அவர் அதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னால் முடியும் என்றே நினைத்தார் போல.

வீடு மசூதித் தெருவின் கடைசியில். மனைவி மெஹர்னிசா. ஒரே மகள் ஆபிதாவைக் கும்மிடிப்பூண்டியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மகள் புருஷன் வீட்டுக்குப் போன வருஷமே மெஹர்னிசா பெரம்பூரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலிருந்து பன்னீர்த் திராட்சைக் குச்சி ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் நட்டாள். அசன் முகைதீன் அதைப் பார்த்து, "இந்த ஊர் வெயிலுக்கு திராட்சையா? வெறகுக்குக்கூட ஆவாது" என்றார்.

மீன் கழுவின தண்ணீரை வீணாக்காமல் அதன் அடியில் ஊற்றினாள். கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ரத்தத்தை, மண்ணைக் கிளறி ஊற்றி மூடினாள். அதைக் கொண்டுவந்து கொடுத்தது பூவம்மாள். காக்களூர்க்காரி. மண்டிக்கு வைக்கோல் கட்டு சுமந்து வந்து விற்கிறவள். மண்டியில் கட்டை இறக்கிவிட்டு, கடைத்தெரு வேலை முடிந்து சாயங்காலம் ஊர் திரும்பும்போது மெஹர்னிசாவின் கொல்லைக் கதவைத் தட்டுவாள். ரத்தம் பிடித்த கறிக்கடைத் தகர டப்பாவை வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். அந்தக் கொடி அவளுக்கும் பாதி சொந்தம் என்றுகூடச் சொல்லலாம். பந்தலுக்குக் கழி நட்டதும் அவள்தான்.

முதல் வருஷம் இலை. இரண்டாம் வருஷமும் இலை. மூன்றாம் வருஷம், ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம் முடிகிற சமயம், மெஹர்னிசா பெரம்பூர்க்காரர் சொல்லியனுப்பியபடி கத்தரிக்கோலை எடுத்து இலை, கிளை எல்லாவற்றையும் வெட்டிக் கொடியை மொட்டையாக்கினாள். பார்த்த பூவம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா பாயம்மா, பெத்த புள்ளைக்கு மொட்டை போடறாப்ல எல்லாத்தையும் வழிச்சிட்ட?"

"வெட்டினாதான் காய்க்குமாம் பூவம்மா. பாக்கலாம்."

காய்த்தது. மாசி கடைசியில் கடுகு கடுகாகப் பூ வந்தது. பங்குனியில் மிளகு அளவுக்குக் காய். சித்திரை பிறக்கும்போது பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நடக்க முடியாதபடி கொத்துகள் தொங்கின. மெஹர்னிசா காலையில் தொழுகை முடிந்ததும் கொல்லைக்கு வந்து கொத்துகளை எண்ணுவாள். நாற்பத்து மூன்று. தினம் நாற்பத்து மூன்றுதான். ஆனாலும் எண்ணுவாள்.

அந்த வருஷம் நோன்பு மாதமும் சித்திரையில் வந்தது. அங்கேதான் வினை ஆரம்பம்.

பத்தாம் நோன்பு அன்றைக்கு மசூதியில் நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடை பக்கீர் முகம்மது பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிறவர். வசதியான ஆள். இன்றைக்குக் கஞ்சி இன்னார் செலவு, நாளைக்கு இன்னார் செலவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அசன் முகைதீன் பேர் அந்த வரிசையில் எந்த வருஷமும் வந்ததில்லை. அவரால் அத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்ச முடியாது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்டதும் இல்லை. அன்றைக்கு யாரும் கேட்காமலேயே அவர் வாயைத் திறந்தார்.

"இருவத்தாறாம் நோம்புக்கு எல்லார் தட்டுலயும் எங்க ஊட்டுத் திராட்சை. கறுகறுன்னு. எழுதிக்கங்க."

"எங்க ஊட்டுல போன வாரம் பாத்துட்டு வந்து சொன்னாங்க, இன்னும் பச்சையா கல்லாட்டம் இருக்குதுன்னு," என்றார் பக்கீர் முகம்மது.

"பழுக்கறதைப் பத்தி எங்கிட்டயா பேசறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மரியாதையான சிரிப்புதான். அது அவருக்கு நன்றாக இருந்தது.

வீட்டில் மெஹர்னிசாவுக்கும் முதலில் சந்தோஷம்தான். பெண்பிள்ளைகள் பள்ளிவாசலுக்குப் போவதில்லை. தன் கையால் வளர்ந்தது அங்கே அத்தனை பேர் தட்டிலும் போகும் என்றால் சும்மாவா? தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டாள். ஆனால் நாள் போகப் போக அவளுக்குத் தெரிந்துவிட்டது. காய் பெருத்ததே தவிர நிறம் திரும்பவில்லை. சில கொத்தில் ஒன்றிரண்டு மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

"இது வைகாசி கடைசியாவும்போல இருக்குதுங்க. நோம்புக்கு ஆவலன்னா இன்னா? பெருநாள் தாண்டி ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் குடுத்துட்டா போச்சு. அல்லாவுக்குத் தெரியாதா?"

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"கொடி வாக்குக் குடுக்கலையே."

அவருக்குச் சுருக்கென்றது.

இருபத்தோராம் நோன்பு காலையில் பழவேற்காட்டிலிருந்து ஆள் வந்தது. மெஹர்னிசாவின் தங்கை சைதாவுக்குப் பிரசவ வலி. மெஹர்னிசா ஒரு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பிவந்து சொன்னாள்.

"கொத்து மேல கை வெக்காதீங்க. தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்."

"போ, போ. பஸ் போய்டும்."

மறுநாள் காலை பூவம்மாள் வைக்கோலோடு வந்தபோது அசன் முகைதீன் மண்டி வாசலிலேயே அவளை நிறுத்தினார். "இன்னிக்கு ஒரு கட்டு ஊட்டுக்குக் கொண்டா. கூடையும் கொண்டா" என்றார். வீட்டில் கொல்லைக்கு வந்து பந்தலடியில் நின்றார். தார் அறுக்கிற வளைந்த கத்தி கையில் இருந்தது. பூவம்மாளுக்குப் புரிந்துபோயிற்று.

"பாயம்மா சொல்லுச்சா பாய்?"

"நான் சொல்றேன். கூடையைப் புடி."

"காய் பாய் இது. புளிச்சிக் கெடக்கும்."

"வாழைத்தாரு மட்டும் பழமாவா வருது? மாங்கா பழமாவா வருது? குலையா தொங்கறது எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்தா பழுத்துடும். நீ புடி."

அவள் பிடித்தாள். அவர் ஒவ்வொரு கொத்தாக அறுத்து வைத்தார். கூடை நிறைந்ததும் பூவம்மாள் அதைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் நெல் கொட்டி வைக்கிற பெரிய மண் மிடா ஒன்று காலியாக இருந்தது. அதில் வைக்கோல் ஒரு அடுக்கு, திராட்சை ஒரு அடுக்கு என்று வைத்தார். நடுவில் சின்னச் சட்டியில் புகை போட்டார். மேலே தட்டை வைத்துக் களிமண்ணால் பூசினார். இப்படி ஒரு மூட்டத்தை இத்தனை பதமாக அவர் மண்டியில்கூடப் போட்டதில்லை. மண்டிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே போட்டதற்கும் காரணம் இருந்தது. இருபத்தாறாம் நோன்பு அன்றைக்குத் திடீரென்று கறுப்புத் திராட்சையாக எடுத்துக்கொண்டு போய் எல்லார் வாயையும் பிளக்கவைக்க வேண்டும்.

இருபத்து மூன்றாம் நோன்பு சாயங்காலம் திறந்தார். மூக்கை வைத்தார். பழ வாசனை இல்லை. புகை வாசனை மட்டும். தொட்டுப் பார்த்தார். காய் அப்படியே இருந்தது. பச்சை மட்டும் மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகியிருந்தது. நோன்பாளி, வாயில் போட்டுப் பார்க்க முடியாது. நோன்பு திறக்கப் பாங்கு சொல்கிறவரை காத்திருந்து, பேரீச்சம்பழம்கூடத் தின்னாமல், ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

பல் கூசியது. அந்தப் புளிப்போடு வைக்கோல் கருகிய கசப்பு. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.

ஒருவேளை நேரம் போதவில்லை என்று நினைத்தார். மாங்காய்க்குப் போடுகிற மாதிரி புங்கந்தழை சேர்த்து மறுபடி மூட்டம் போட்டார். மறுநாள் சாயங்காலம் திறந்தபோது காம்பெல்லாம் காய்ந்து சுள்ளியாகியிருந்தது. கொத்தைத் தூக்கினால் காய் உதிர்ந்து ஓடியது. சிலது சுருங்கி, சிலது அழுகி வெடித்திருந்தது. பழுத்தது ஒன்றுகூட இல்லை. திராட்சை கொடியில் இருக்கிறபோது பழுத்தால் உண்டு. அறுத்த நிமிஷத்தோடு அதன் கதை முடிந்துவிடும். வாழை, மாம்பழம் மாதிரி அறுத்த பிறகு பழுக்கிற சாதி இல்லை அது. இதை அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். கொல்லையில் மூன்று வருஷம் அதோடு கிடந்தவளுக்கு இது தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காமலேயே சொல்லிவிட்டுத்தானே போனாள்.

எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி, மண்டிக்குப் பின்னால் இருக்கிற குப்பைமேட்டில் கொட்டினார். அங்கே மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது. தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு அப்பால் போயிற்று. அதன் முகத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் மெஹர்னிசா வந்துவிட்டாள். தங்கைக்குப் பெண் குழந்தை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டே நேராகக் கொல்லைக்குப் போனாள். அசன் முகைதீன் வீட்டுக்குள் நின்றார். சத்தமே வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தானே போய்ப் பார்த்தார். அவள் பந்தலடியில் நின்று, காம்பு அறுபட்ட இடத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அணிலு இல்ல, வவ்வாலு இல்ல. கத்தி வெச்சி அறுத்திருக்குது."

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் திட்டியிருப்பாள், ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பாள், அவ்வளவுதான். ஆனால் அவர் மனசில் மெஹர்னிசா இல்லை. மண்டி இருந்தது. பழுக்கவைக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டான் அசன் முகைதீன் என்று நாளைக்கு அரசப்பன் தராசுப் பக்கத்தில் நின்று சொல்லுவான். வியாபாரிகள் எல்லாம் சிரிப்பார்கள்.

"நானும் காலம்பறதான் பாத்தேன்," என்றார்.

"நா இல்லாதப்போ கொல்லைப் பக்கம் யாருனா வந்தாங்களா?"

"யாரு வருவாங்க... பூவம்மா வந்தா. வைக்கோல் போட்டுட்டுப் போனா."

நடந்ததுதான். இந்தப் பேச்சில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டார். மீதியை மெஹர்னிசா தானே கட்டிக்கொண்டாள். அவள் முகம் மாறுவதை அவர் பார்த்தார். பார்த்தும் மூடிக்கொண்டார்.

சாயங்காலம் வழக்கம்போலப் பூவம்மாள் கொல்லைக் கதவைத் தட்டினாள். கையில் கறிக்கடைத் தகரம். மெஹர்னிசா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"இன்னா பாயம்மா, தங்கச்சிக்கு இன்னா கொழந்தை?"

"பூவம்மா, உனுக்கு வேணும்னா கேட்டிருந்தா ரெண்டு கொத்து நானே குடுத்திருப்பேன். காயையா திருடிக்கினு போவ? நோம்பு மாசத்துல?"

பூவம்மாள் ஒன்றும் விளங்காமல் நின்றாள். பிறகு மெஹர்னிசாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கிணற்றடியில் அசன் முகைதீன் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்வதற்காக உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். இன்னொரு தரம் அள்ளி அடித்துக்கொண்டார். முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சரி பாயம்மா," என்றாள். தகரத்தைக் கதவு ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

மெஹர்னிசா பக்கத்து வீட்டில் சொன்னாள். அது பக்கீர் முகம்மது வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் காலை பக்கீர் முகம்மது மண்டிப் பக்கமாக வந்து பச்சையப்பனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒழுங்காக உழைக்கிற ஒரு ஆள் வீட்டில் திருடியவளை மண்டியில் சேர்க்கலாமா என்கிற நியாயம்தான். பத்து மணிக்குப் பூவம்மாள் தலையில் கட்டோடு மண்டி வாசலுக்கு வந்தாள். அரசப்பன் தராசிலிருந்து எழுந்து வந்து கையைக் குறுக்கே நீட்டினான்.

"வேணாம் பூவம்மா. மொதலாளி உங்கிட்ட வாங்க வேணான்ட்டாரு."

"ஏன்?"

"ஏன்னு என்னியா கேக்கற? உனுக்குத் தெரியாதா?"

அசன் முகைதீன் மூட்டத்து அறைக்குள் இருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டது. இடுக்கு வழியாகத் தெரியவும் செய்தது. காக்களூரிலிருந்து அந்தக் கட்டைச் சுமந்து வந்தவள், இறக்கி வைக்கவும் இடமில்லாமல், கழுத்து நரம்பு புடைக்க அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே பார்த்து ஏதாவது கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் திரும்பி நடந்தாள். முப்பது வருஷம் புகையில் நின்று பழகிய கண் அவருக்கு அன்றைக்கு எரிந்தது. புகை இன்னும் போடவே இல்லை.

அன்றைக்குத்தான் இருபத்தாறாம் நோன்பு. ராத்திரி விசேஷத் தொழுகை என்பதால் சாயங்காலம் பள்ளிவாசலில் கூட்டம் அதிகம். வரிசையாக உட்கார்ந்து எல்லாருக்கும் முன்னால் கஞ்சியும் பேரீச்சம்பழமும் வைத்தாயிற்று. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கீர் முகம்மது வந்து அசன் முகைதீன் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் தட்டிலிருந்த நல்ல பேரீச்சம்பழமாக ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"மனசை உட்டுடாதீங்க முகைதீன் பாய். உங்க நிய்யத்து, மனசுல நெனச்சது, அல்லாவுக்குத் தெரியும். இதே வேற ஆளா இருந்தா அவ ஊட்டுக்குப் போய் ரெண்டு சாத்து சாத்திட்டு வந்திருப்பான். நீங்க ஒரு வார்த்தை பேசலியே. அதான் பொறுமை."

எதிர்வரிசையில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். அசன் முகைதீன் அந்தப் பேரீச்சம்பழத்தைப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தட்டைக் கையால் தள்ளினார்.

"அவ திருடலை."

"இன்னாது?"

"நான்தான் அறுத்தேன். காயா அறுத்து மிடாவுல மூட்டம் போட்டேன். பழுக்கலை. குப்பையில கொட்டிட்டேன். அந்தப் பொம்பளை கூடைதான் புடிச்சா. அதுவும் நான் சொல்லி."

பின்வரிசையில் யாரோ, "திராட்சைக்கு மூட்டமா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். எல்லாரும் நோன்பு திறந்தார்கள். பக்கீர் முகம்மது அவர் பக்கம் திரும்பாமல் கஞ்சி குடித்தார். அசன் முகைதீன் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.

அவர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகும் முன்பே சேதி வீட்டுக்குப் போய்விட்டது. மெஹர்னிசா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலைத் தாண்டி வந்தது தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

"மெஹரு..."

"திராட்சை போனா போவுது. அடுத்த வருஷம் காய்க்கும், இல்ல காய்க்காம போவட்டும். திருடின்னு எம் வாயாலயா சொல்ல வெக்கணும்? மூணு வருஷமா ரத்தத் தகரத்தைச் சுமந்துக்கினு வந்தவளை? கெணத்தாண்ட உக்காந்துக்கினு கேட்டுக்கினுதானே இருந்தீங்க?"

வழக்கமாக அவர் குரலுக்குத்தான் அந்த வீடு அடங்கும்; அன்றைக்கு அவள் குரலுக்கு அவர் அடங்கினார்.

"காலையில நானும் வரேன் காக்களூருக்கு," என்றாள்.

அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் நடந்தார்கள். நோன்போடு நடந்தார்கள். ஏரிக்கரை ஓரமாகப் பூவம்மாள் குடிசை. அவள் வாசலில் உட்கார்ந்து நேற்று விற்காத வைக்கோலைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். பாயம்மா தன் வாசலில் நிற்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல், கோணிப்பையை உதறிப் போட்டாள்.

மெஹர்னிசா உட்காரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாம சொல்லிட்டேன் பூவம்மா. எம் வாய் அழுவிப் போவட்டும்."

"நீ இன்னா பண்ணுவ பாயம்மா. உனுக்குச் சொன்னது அப்படி."

அசன் முகைதீன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நேத்து மசூதியில எல்லாருக்கும் எதிர்ல சொல்லிட்டேன், நான்தான்னு."

"மசூதியிலயா?" பூவம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். "மசூதியில எனக்கு யாரு பாய் கீறாங்க? அங்கயா நான் கட்டு விக்கறேன்?"

அவர் துண்டை மடித்தார், பிரித்தார்.

"அன்னிக்கே நான் கத்தியிருந்தா, ஊட்டுக்காரரு மேல பழி போடறா பாருன்னு இன்னும் ரெண்டு பேரு சேந்து வந்திருப்பாங்க. நீ சொன்னாதான் அது சொல்லு. சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். மண்டி வாசல்ல கட்டோட நின்னப்பகூட நீ உள்ள கீறேன்னு எனக்குத் தெரியும். உன் செருப்பு வெளியிலதான கெடந்தது."

அது அவருக்குத் தெரியாது. தான் ஒளிந்திருந்ததை அவள் பார்த்திருப்பாள் என்று நினைக்கவேயில்லை.

"இப்ப இன்னா பண்ணணும் சொல்லு," என்றார்.

"மண்டியில சொல்லு. மொதலாளி, அரசப்பன், வண்டிக்காரங்க எல்லாம் இருக்கறப்போ. நாளைக்கு அமாவாசை. இன்னிக்கு மத்தியானம் கூட்டமாத்தான் இருக்கும்."

மசூதியில் சொன்னது அவருக்குச் சுலபமாகத்தான் வந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது. மண்டி வேறு. அங்கே அவர் பேச்சுக்குத்தான் விலை. அதையே கொண்டுபோய் அங்கே போடச் சொல்கிறாள். மெஹர்னிசா அவர் முகத்தைப் பார்க்காமல் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. கட்டை எடுத்துக்கினு வா," என்றார்.

மத்தியானம் மண்டியில் கால் வைக்க இடமில்லை. திருவாலங்காடு, பெரியபாளையம் வியாபாரிகள் அமாவாசைத் தாருக்காகக் குவிந்திருந்தார்கள். பூவம்மாள் கட்டோடு வாசலில் வந்து நின்றதும் அரசப்பன் மறுபடி கையை நீட்டினான். அசன் முகைதீன் அவன் கையைத் தட்டிவிட்டார். மண்டிக்கு நடுவில் வந்து நின்று, பச்சையப்பனைப் பார்த்து, "மொதலாளி, ஒரு வார்த்தை" என்றார். கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

சொன்னார். கொடியில் காயாக இருந்ததை அறுத்தது, மிடாவில் மூட்டம் போட்டது, இரண்டாம் தரம் புங்கந்தழை போட்டது, எருமை முகர்ந்துவிட்டுப் போனது, பூவம்மாள் பேரில் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒன்றையும் விடவில்லை. எருமையை விட்டிருக்கலாம். ஆனால் ஆரம்பித்த பிறகு எதை விடுவது என்று தெரியவில்லை.

புங்கந்தழை என்றபோதே முதல் சிரிப்பு வந்தது. எருமை வந்தபோது மண்டி இடிந்தது. "பாய், அடுத்தது பூசணிக்காய்க்கு மூட்டம் போடு!" என்றான் ஒரு வண்டிக்காரன். "அரசப்பா, உங்க மாமியாரை இங்க அனுப்பாத, வெடிச்சிடப் போவுது!" என்றான் இன்னொருவன். அரசப்பன் தராசைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். பச்சையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அசன் முகைதீனைப் பார்த்த பார்வை சிரிப்பைவிட மோசம்.

"உன் பேச்சை வெச்சிதான்யா நான் ஊருக்கெல்லாம் வாக்குக் குடுத்துக்கினு கீறேன்," என்றார். "அந்த வாயாலயா இதைப் பண்ண?"

அன்றைக்கு முதல் பழம் எப்போது எடுக்கலாம் என்று அசன் முகைதீன் சொன்ன பிறகும், பச்சையப்பன் மூட்டத்து அறையைத் தானும் ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் வியாபாரிக்கு வாக்குக் கொடுத்தார்.

பூவம்மாள் அத்தனை சிரிப்பிலும் கட்டை இறக்காமல் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஓய்ந்த பிறகு அரசப்பனைப் பார்த்து, "சிரிச்சது போதும். எடை போடு, கழுத்து நோவுது" என்றாள். அசன் முகைதீன் போய்க் கட்டை அவள் தலையிலிருந்து இறக்கினார். அவள் இறக்கவிட்டாள். அவர் பக்கம் பார்க்கவில்லை.

"ஊட்டுக்கு வரச் சொன்னா மெஹரு. பெருநாளைக்கு."

"வர்றேன்னு சொல்லு."

பெருநாளைக்கு அவள் வரவில்லை. மெஹர்னிசா சேமியாவைத் தூக்குப் பாத்திரத்தில் மண்டிக்குக் கொடுத்தனுப்பினாள். பூவம்மாள் வாங்கிக்கொண்டாள், கழுவித் திருப்பிக் கொடுத்தாள். மண்டிக்கு மட்டும் வாரத்தில் நாலு நாள் தவறாமல் வந்தாள். கொல்லைக் கதவு பக்கம் மட்டும் போகவில்லை. மசூதித் தெருவுக்குள்ளேயே அவள் கால் வைக்கவில்லை, சுற்றுவழியில் போனாள். மெஹர்னிசா சாயங்காலம் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னிக்குப் பாத்தீங்களா? இன்னா சொன்னா?"

"வர்றேன்னா."

இப்படி மழைக்காலம்வரை ஓடியது. ஒரு நாள் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். அசன் முகைதீன் கை கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அவ வரமாட்டா மெஹரு. உம்மேல ஒண்ணும் இல்ல. நான் இருக்கற ஊட்டுக்கு வரமாட்டா."

மெஹர்னிசா எழுந்து உள்ளே போய் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்ப நான் போறேன்," என்று சொல்லிவிட்டு, காக்களூர் பக்கமாகத் தனியாக நடந்தாள். அவர் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. வாசலில் நின்று அவள் திரும்புகிற முனைவரை பார்த்துவிட்டு உள்ளே போனார்.